பீச்சாங்கை மட்டை

ஹொக்கி மட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதன் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. ஒரு பக்கம் பலகை போலத் தட்டை, மறுபக்கம் உருண்டை. தட்டைப் பக்கத்தால்தான் பந்தை அடிக்கலாம். எல்லா மட்டைகளிலும் அந்தத் தட்டை ஒரே பக்கத்தில்தான் இருக்கும், வலதுகைக்காரனுக்கு வாகாக. இடதுகைக்காரனுக்கென்று மாற்றிச் செய்த மட்டை ஆட்டத்தில் செல்லாது. சட்டப் புத்தகம் இதை ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. அந்த ஒரு வரியை நான் இரண்டு வருஷம் தொண்டைக்குள்ளேயே வைத்திருந்தேன். அதனால் ஒரு மனிதனுக்கு என்ன நேர்ந்தது என்பதை எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. இலங்கை சுதந்திரம் பெற்று ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கி இரண்டு மைல் மலையேறினால் வரும் தேயிலைத் தோட்டமொன்றின் ஆபீஸில் நான் சின்னக் கிளாக்கர், அதாவது குமாஸ்தா. ஹட்டனில் படித்தவன். பள்ளிக்கூடத்தின் இரண்டாவது ஹொக்கி அணியில், அதுவும் யாராவது காய்ச்சலில் படுத்தால் மட்டும், ஆடியவன். தோட்டத்தில் வேறு யாருக்கும் அந்த விளையாட்டே தெரியாது என்பதால் என் அரைகுறை ஞானம் அங்கே பெரிய ஞானமாகிவிட்டது. போதாக்குறைக்கு என் சட்டைப் பையில் ஆங்கிலத்தில் அச்சடித்த சட்டப் புத்தகமும், கழுத்தில் ஒரு விசிலும் இருந்தன. முன்கோபமும் இருந்தது. இந்த மூன்றும் ஒருவனிடம் சேர்ந்துவிட்டால் அவனோடு யார் வாதாடுவார்கள்?

தோட்டத்தில் ஹொக்கி அணி உண்டானதற்குக் காரணம் எங்கள் சின்னத் துரை, அதாவது உதவி மனேஜர். வெள்ளைக்காரர், ஹொக்கிப் பைத்தியம். துரைமார் கிளப்பில் கழித்துப்போட்ட ஆறு மட்டைகளைக் காரில் கொண்டுவந்து என் மேசைமேல் குவித்தார். ஆள் சேர்க்கச் சொன்னார். மூன்று மாதத்தில் மாற்றலாகி வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார். ஆறு மட்டையும் அவருடைய பைத்தியமும் எங்களிடம் தங்கிவிட்டன. தோட்டத்தில் சமமான இடம் என்று இருந்தது பெரட்டுக்களம் ஒன்றுதான். விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, யாருக்கு எந்த மலையில் என்ன வேலை என்று பிரித்துக் கொடுக்கும் இடம் அது. சாயங்காலத்தில் அதுவே எங்கள் மைதானம். காலையில் கணக்கப்பிள்ளையிடம் ஏச்சு வாங்கிய அதே இடத்தில் மாலையில் கோல் போடுவதில் எங்கள் ஆட்களுக்குத் தனி உற்சாகம் இருந்தது.

பதினொரு பேருக்கு ஆறு மட்டை எப்படிப் போதும்? அந்த வருஷம் பழைய தேயிலையைப் பிடுங்கிப் புதுக்கன்று நட்டுக்கொண்டிருந்தார்கள். பிடுங்கிய மரங்கள் ரோட்டோரம் விறகுக்காகக் குவிந்து கிடந்தன. தேயிலையில் வேரும் தண்டும் சேரும் இடம் இயல்பாகவே வளைந்திருக்கும். கனமும் அதிகம். நல்ல வளைவாகப் பார்த்து வெட்டி, அடுப்புக்கு மேலே ஒரு மாதம் புகையில் காயவைத்து, கவ்வாத்துக் கத்தியால் செதுக்கி, போத்தல் ஓட்டால் சுரண்டினால் மட்டை தயார். கை வழுக்காமல் இருக்கப் பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றினார்கள். பள்ளிக்கூடத்தில் எனக்குக் கொடுத்த மட்டையைவிட அவை உறுதியாகவே இருந்தன.

அவனும் அப்படி ஒன்றைச் செதுக்கிக்கொண்டு வந்தான். அவன் என்றே எழுதுகிறேன். அன்றைக்கு அவன், இவன் என்றுதான் சொல்லிவந்தேன். என்னைவிட நாலு வயதுதான் இளையவன். கவ்வாத்து வெட்டுகிறவன், அதாவது தேயிலைச் செடியின் தலையைக் கத்தியால் சீவி மட்டப்படுத்துகிறவன். பீச்சாங்கைக்காரன். தோட்டத்தில் இடதுகையை அப்படித்தான் சொல்வார்கள். அந்தச் சொல்லில் கேலியும் உண்டு, கொஞ்சம் அருவருப்பும் உண்டு. சாப்பிடுவதை மட்டும் சோற்றாங்கைக்கு அவன் அம்மா அடித்துப் பழக்கியிருந்தாள். கத்தி பிடிப்பதை அடித்துப் பழக்க யாராலும் முடியவில்லை.

கவ்வாத்து மலையில் ஆட்கள் பக்கத்தில் பக்கத்தில் நிரை பிடித்து ஏறுவார்கள். எல்லார் கத்தியும் ஒரு பக்கமாகப் போகும்போது ஒருவன் கத்தி மட்டும் எதிர்ப்பக்கமாக வந்தால் பக்கத்து ஆளின் முழங்கால் என்னாவது? அதனால் கங்காணி அவனை எப்போதும் கடைசி நிரையில், பள்ளத்தோரமாக விடுவார். அவனுக்கு அது பழகிப்போயிருந்தது. ஓரத்தில் நின்றே எல்லாருக்கும் முன்னால் வேலையை முடித்துவிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு குந்தியிருப்பான்.

மட்டையை வாங்கிப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அழகான மட்டை, ஆனால் தட்டைப் பக்கம் மாறியிருந்தது. அவன்மேல் குற்றமில்லை. கடையில் வாங்கும் மட்டை என்றால் ஒரே மாதிரிதான் கிடைக்கும். பழகினால் பழகு, இல்லாவிட்டால் போ. தானே செதுக்குகிறவன் தன் கைக்கு வாகாகத்தானே செதுக்குவான்? கத்திக்குப் பிடி போடுவதும் மண்வெட்டிக்குக் காம்பு போடுவதும் அப்படித்தான். மட்டை எந்தக் கைக்கு என்று சீமையில் உட்கார்ந்து யாரோ எழுதிவைத்திருப்பதை அவன் எப்படிக் கண்டான்? கண்டவன் நான். இன்றைக்கு ஆடட்டும், நாளைக்குச் சொல்லலாம் என்று விசிலை ஊதினேன். அன்றைக்கு அவன் ஆடியதைப் பார்த்த பிறகு நாளைக்கும் சொல்லவில்லை.

மற்றவர்களுக்குப் பந்து வலதுகால் பக்கம் இருக்கும். இவனுக்கு இடதுகால் பக்கம். தடுக்க வருகிறவன் வழக்கமான பக்கத்தில் மட்டையை நீட்டுவான். பந்து அங்கே இருக்காது. அவன் திரும்பிப் பார்ப்பதற்குள் இவன் கோல் கம்பத்தடியில் நிற்பான். கவ்வாத்தில் வெட்டி விழுந்த மிலாறுக் குச்சிகளைக் கட்டாகக் கட்டித் தலையில் சுமந்துகொண்டு சரிவில் ஓட்டமாக இறங்கிப் பழகிய கால்கள் அவை, சமதரையில் கேட்கவேண்டுமா? அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டமொன்றோடு ஆடிய முதல் மெட்சிலேயே மூன்று கோல் போட்டான். அன்று எனக்கும் மாலை போட்டார்கள். அந்த மாலையை நான் கழற்றவேயில்லை, வீடுவரை அப்படியே போனேன்.

அதற்குப் பிறகு நாங்கள் தோற்றது அபூர்வம். ஒரு பித்தளைக் கிண்ணம்கூட ஆபீஸ் அலமாரிக்கு வந்து சேர்ந்தது. ஒரே ஒரு தடவை, தோற்றுப்போன அந்த அக்கரப்பத்தனைத் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் அவன் மட்டையை எடுத்து இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சட்டைப் பையிலிருந்த புத்தகத்தைத் தட்டிக்கொண்டேன். அவர் மட்டையைக் கீழே வைத்துவிட்டு, தம் ஆட்களுக்குத் தேத்தண்ணீர் கொடுக்கப் போய்விட்டார். எனக்கு உள்ளூர ஒரு குறுகுறுப்பு இருந்தது என்பது உண்மை. பெருமை அதைவிட அதிகமாக இருந்தது என்பதும் உண்மை.

இப்படியே இரண்டு வருஷம் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை வட்டகொடை ஸ்டேஷனுக்குப் பக்கத்து வெளியில் மெட்ச். நோட்டன் பிரிட்ஜ் பக்கம் அப்போது அணைக்கட்டு வேலை நடந்துகொண்டிருந்தது. அங்கே கொந்தராத்து எடுத்திருந்த ஒரு கம்பெனியின் ஓவர்சியர், சிங்களவர், ரயிலைத் தவறவிட்டு, அடுத்த ரயில்வரை பொழுது போகாமல் தூரத்து வேலியோரம் நின்று எங்கள் ஆட்டத்தைப் பார்த்திருக்கிறார். மெட்ச் முடிந்ததும் நேராக என்னிடம் வந்து, ஓரத்தில் ஆடினானே அவன் யார் என்று சிங்களத்தில் கேட்டார். அவர்களுடைய கம்பெனிக்கு ஒரு ஹொக்கி அணி இருந்தது. கொழும்பு அணிகளோடெல்லாம் ஆடுகிற அணி. நன்றாக ஆடுகிறவனை எடுத்து, ஸ்டோரில் நிரந்தர வேலையும் போட்டுக்கொடுத்து வைத்துக்கொள்வார்களாம். இரண்டு இடம் காலி. அடுத்த ஞாயிறு ஆட்களை ஆடவிட்டுப் பார்த்து எடுக்கப்போகிறார்கள், கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். கடைத்தெருவில் கற்ற என் சிங்களத்துக்கு அவ்வளவு விளங்கியது.

அந்த இடம் அவனுக்கு எவ்வளவு தேவை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகவில்லை. மனைவி எங்கள் தோட்டத்திலேயே கொழுந்து எடுக்கிற பிள்ளை, ஐந்து மாதக் கர்ப்பிணி. வரிசை வீடுகளான லயத்தில் ஒரே ஒரு காம்பிரா அறைக்குள் அவன் அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, அவர்களுடைய மூன்று பிள்ளைகள், இவர்கள் இரண்டு பேர். நடுவில் ஒரு பழைய சேலைதான் மறைப்பு. தனிக் காம்பிரா கேட்டு அவன் கொடுத்த மனுக்களையெல்லாம் எழுதியவன் நான்தான். ஸ்டோர் வேலைக்கு ஒரு அறை தருவார்கள், பூட்டும் சாவியும் உள்ள அறை. அரசாங்க உத்தியோகம் என்றால் பிரஜாவுரிமைப் பத்திரம் கேட்பார்கள். சுதந்திரம் வந்த கையோடு பறித்துக்கொண்ட அது எங்கள் லயங்களில் யாரிடம் இருந்தது? இந்தக் கம்பெனி அதைக் கேட்கவில்லை. பந்து அடிக்கத் தெரியுமா என்று மட்டும்தான் கேட்டது.

செய்தி தெரிந்ததும் தோட்டமே இரண்டுபட்டது. கவ்வாத்துக் காலத்தில் நல்ல ஆளை விடமுடியாது என்று பெரிய கணக்கப்பிள்ளை குதித்தார். மட்டை பிடிக்கிறவனுக்கெல்லாம் ஸ்டோர் வேலையா, நாளைக்குக் கிட்டி அடிக்கிறவன் வந்து என் நாற்காலியைக் கேட்பான் என்றார் பெரிய கிளாக்கர். நான்தான் அவனுக்காக மல்லுக்கு நின்றேன். இரண்டு வருஷமாகப் பக்கத்தில் நின்று பார்த்தவன் சொல்கிறேன், அவனை எடுக்காவிட்டால் அந்தக் கம்பெனிக்குக் கண் இல்லை என்றேன். மேசையைக்கூடத் தட்டினேன். துரையிடம் போய் அவனை அனுப்ப அனுமதியும் வாங்கிவந்தேன். மனசாட்சி உறுத்துகிறவன்தான் அதிகம் சத்தம் போடுவான் என்பது எனக்கு அந்த வாரம் தெரிந்தது.

மட்டையைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. திங்கட்கிழமை சொல்லலாம் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை, இப்போது சொன்னால் அவன் தைரியம் போய்விடும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். புதன்கிழமை, அந்த ஓவர்சியரே கவனிக்காதபோது வேறு யார் கவனிக்கப்போகிறார்கள் என்று தேற்றிக்கொண்டேன். உள்ளே இருந்த காரணம் வேறு. இதைச் சொன்னால் இரண்டு வருஷத்துக்கும் சேர்த்துச் சொல்லவேண்டும். கிண்ணத்துக்கும் மாலைக்கும் சேர்த்துச் சொல்லவேண்டும். சனிக்கிழமை மாதா கோயிலுக்குப் போய்ச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். கோபப்பட்டது, அம்மாவை எதிர்த்துப் பேசியது எல்லாவற்றையும் சொன்னேன். ஹொக்கி மட்டையைச் சொல்லவில்லை. அது எந்தக் கட்டளைக்குள் வரும் என்று தெரியவில்லை. சாமியாருக்கு ஹொக்கி தெரிந்திருந்தால் என்ன செய்வது என்ற பயம் வேறு.

ஞாயிறு காலை ரயிலில் ஹட்டனுக்குப் போய், அங்கிருந்து நோட்டன் பிரிட்ஜ் பஸ்ஸைப் பிடித்தோம். அவன் கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தான். மனைவி கட்டிக்கொடுத்த ரொட்டியும் சம்பலும் ஒரு துணிப் பொட்டலத்தில். மட்டையைச் சாக்கில் சுற்றிப் பிள்ளையைப்போல மடியில் வைத்திருந்தான். வழியெல்லாம் அந்த அறையைப் பற்றித்தான் பேச்சு. ஜன்னல் இருக்குமா, அடுப்பு உள்ளேயா வெளியேயா என்று என்னிடம் கேட்டான். எனக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் ஜன்னல் இருக்கும் என்று சொன்னேன்.

மைதானத்தில் பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். இரண்டு பிரிவாகப் பிரித்துக் கம்பெனி ஆட்களோடு கலந்து ஆடவிட்டார்கள். என் கழுத்து விசிலைப் பார்த்துவிட்டு ஓவர்சியர் முதல் பாதிக்கு என்னையே நடுவராக நிற்கச் சொன்னார். மறுக்க ஒரு காரணமும் தோன்றவில்லை. ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிஷத்துக்குள் அவன் இரண்டு கோல் போட்டுவிட்டான். இரண்டாவது கோலுக்குக் கைதட்டியவர்களில் ஓவர்சியரும் ஒருவர். அப்போது கம்பெனி அணியில் நடுவில் ஆடிய ஒருவர், படித்தவர், விளையாட்டை நிறுத்திவிட்டு அவனிடமிருந்து மட்டையை வாங்கினார். விரலால் தடவிப் பார்த்தார். ஓவர்சியரிடம் கொண்டுபோய்க் காட்டினார்.

ஓவர்சியர் என்னைத்தான் கேட்டார். நடுவர் நான்தானே? இந்த மட்டை சட்டப்படி செல்லுமா என்று கேட்டார். எல்லாரும் சுற்றி நின்றார்கள். அவன் முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை. பக்கத்தில் நின்ற ஆளிடம், "எங்க ஐயாகிட்ட புத்தகம் இருக்குங்க. அவரு சரியாச் சொல்லிப்புடுவாரு" என்றான்.

எனக்குப் புத்தகத்தைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. "செல்லாது" என்றேன்.

அவன் என்னை ஒரு கணம் பார்த்தான். பிறகு மட்டையைக் கொண்டுபோய்ச் சாக்கின் மேல் வைத்துவிட்டு வந்தான். கம்பெனி மட்டை ஒன்றைக் கொடுத்தார்கள். மிச்ச நேரமெல்லாம் அதோடு ஆடினான். கால் அதே வேகத்தில்தான் ஓடியது. பந்துக்குச் சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்தான். சேர்ந்த பிறகு கை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது. ஒரு தடவை வெறும் காற்றை அடித்துவிட்டு விழுந்தான். யாரோ சிரித்தார்கள். கல்யாணச் சட்டையில் முழங்கைவரை சேறு. அவன் மறுபடி எழுந்து ஓடினான். ஆட்டத்தை நிறுத்தி, குற்றம் இவனுடையதில்லை, என்னுடையது என்று கத்தவேண்டும்போல இருந்தது. கத்தவில்லை.

இடம் வேறு இரண்டு பேருக்குப் போயிற்று. ஓவர்சியர் நல்ல மனிதர். அவன் தோளில் கை வைத்து, கண் இருக்கிறது, கால் இருக்கிறது, கை மட்டும்தான் இல்லை என்று சொன்னார். அடுத்த வருஷமும் ஆள் எடுப்போம், கையோடு வா என்றார். நான் அதை அவனுக்குத் தமிழில் சொன்னேன். அவன் தலையாட்டினான்.

ஹட்டன் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தோம். அவன் பொட்டலத்தை அவிழ்த்து, ரொட்டியில் பாதியை முதலில் எனக்குக் கொடுத்தான். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

"ஐயாவுக்கு இது எப்பருந்து தெரியுங்க?" என்று கேட்டான்.

பொய் சொல்லியிருக்கலாம். இன்றைக்குத்தான் கவனித்தேன் என்றால் நம்பியிருப்பான். "நீ மட்டையக் கொண்டுவந்த அன்னிக்கே தெரியும்" என்றேன்.

அவன் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோபமாக ஏதாவது கேட்பான், கேட்டால் நன்றாக இருக்கும் என்று காத்திருந்தேன். "சாப்புடுங்க ஐயா, ரயில் வரப்போவுது" என்றான்.

இரண்டு நாள் கழித்து, கொழுந்து நிறுத்துவிட்டு வந்த அவன் மனைவி வெறுங்கூடையோடு ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்றாள். அதுவரை அந்தப் பிள்ளை என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. சண்டை பிடிக்கவும் வரவில்லை.

"அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, இந்த ரெண்டு வருசத்துல இவரு சோத்தாங்கையில பழகியிருப்பாருங்களே ஐயா," என்றாள். கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாள்.

நான் அதை யோசித்திருக்கவேயில்லை. அந்த மட்டையோடு ஆடவிட்டது தப்பு, மறைத்தது தப்பு, கிண்ணம் வாங்கியது தப்பு என்று எனக்கு நேர்ந்த அவமானத்தையே இரண்டு நாளாகப் புரட்டிக்கொண்டிருந்தேன். நான் எடுத்துக்கொண்டது அவனுடைய இரண்டு வருஷம் என்பது அந்தப் பிள்ளை சொன்ன பிறகுதான் விளங்கியது. எதற்கெடுத்தாலும் சீறுகிற எனக்கு அன்றைக்குச் சீறுவதற்கு ஆளே இல்லை.

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அக்கரப்பத்தனைக்குப் போனேன். அன்றைக்கு மட்டையைப் புரட்டிப் பார்த்த வாத்தியாரிடம் விஷயத்தைச் சொல்லி மேசைமேல் வைத்தேன். அவர் ஆச்சரியப்படவில்லை. அப்போதே தெரியும் என்றார். பிறகு ஏன் கேட்கவில்லை என்றேன். "பொஸ்தகம் உங்க பையில இருந்துச்சு. விசிலும் உங்க கழுத்துல இருந்துச்சு. யாருகிட்டப் போய்க் கேக்குறதுங்க?" என்றார். விசிலையும் அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.

தேயிலை மட்டையை அவன் அடுப்பில் வைத்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன். பிறகு கிளப் மட்டைகளில் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு, மற்றவர்கள் ஆடி முடித்துப் போன பின் பெரட்டுக்களத்துச் சுவரில் பந்தை அடிக்கத் தொடங்கினான். ஆபீஸில் இருந்தால் அந்தச் சத்தம் கேட்கும். முதல் சில மாதம் அடிக்கும் அடிக்கும் நடுவில் பந்தைத் தேடிப்போகும் நேரம்தான் அதிகம். நான் அந்தப் பக்கம் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

ஒருநாள் கவ்வாத்துக் கங்காணி ஆபீஸுக்கு வந்து முறையிட்டார். அவனுக்கு என்னமோ புத்தி கெட்டுவிட்டது, கத்தியைச் சோற்றாங்கையில் பிடிக்கிறான், எல்லாருக்கும் முன்னால் முடிக்கிறவன் இப்போது எல்லாருக்கும் கடைசியில் இறங்குகிறான், வெட்டும் கோணல் என்றார். போதாததற்குத் தன்னை நடு நிரையில் விடச் சொல்கிறானாம். பெரிய கணக்கப்பிள்ளை காதில் விழுவதற்குள் நான் கங்காணியைத் தனியே கூப்பிட்டு, கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளுங்கள், அவன் கேட்ட இடத்திலேயே விடுங்கள் என்று கெஞ்சினேன். கெஞ்சுவது எனக்குப் பழக்கமில்லாத வேலை. கங்காணி என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுச் சரி என்றார். அவனுக்காக என்னால் செய்ய முடிந்தது அந்த வருஷம் அவ்வளவுதான். சேலை மறைப்புக்குப் பின்னால் பெண் குழந்தை பிறந்தது. சுவரில் பந்து படும் சத்தம் மெல்ல மெல்ல ஒழுங்காகக் கேட்கத் தொடங்கியது.

மறுவருஷம் ஓவர்சியர் ஆள் எடுக்கிற ஞாயிறு எப்போது வந்தது என்றுகூட எனக்குத் தெரியாது. அவன் தனியாகவே ரயிலேறிப் போயிருக்கிறான். ஒரு காலை, பெரட்டு முடிந்த கையோடு ஆபீஸுக்கு வந்து, டைப் அடித்த ஒரு கடிதத்தை என் மேசைமேல் வைத்தான். துரைக்குக் கம்பெனி எழுதியது. இன்னாரை எங்கள் ஸ்டோருக்கு எடுத்துக்கொள்கிறோம், அவரை விடுவித்து அனுப்பவும் என்று இருந்தது. இரண்டு தடவை படித்தேன். இரண்டாவது தடவை எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. வாசித்துக் காட்டினேன். அவனுக்கு முன்னமே தெரிந்த விஷயம்தான், ஆனாலும் கடைசிவரை கேட்டான்.

"ஜன்னல் இருக்குங்க ஐயா," என்றான். "ரெண்டு ஜன்னல்."

ஆட்களின் பேர் பதியும் செக்ரோலில் அவன் பேரைத் தேடிக் கோடு போட்டு அடித்தேன். தோட்டத்தை விட்டுப் போகிறவர்களுக்குக் கொடுக்கும் பத்துச்சீட்டை எழுதி, கையெழுத்துக்காக அவன் பக்கம் திருப்பி வைத்தேன். எங்கள் ஆட்கள் பலரும் பெருவிரல்தான் வைப்பார்கள். அவனுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். பேனாவை நீட்டினேன். சோற்றாங்கையால் வாங்கினான். தாளுக்கு மேலே கொண்டுபோனவன் கொஞ்சம் நின்று, பேனாவை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"இங்க இந்தக் கை செல்லுமுங்களா ஐயா?"

அவன் முகத்தில் கேலி இருந்ததா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமாகத் தெரியாது. இருந்திருந்தால் அது எனக்குக் கிடைக்கவேண்டியதுதான்.

"செல்லும்" என்று சொன்னேன்.

அவன் பேரை முழுசாக, ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாக எழுதினான். முடிக்கும்வரை நான் பேனா மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வேலைக்காரர்கள் வந்தால் நாற்காலியை விட்டு எழும் வழக்கம் அந்த ஆபீஸில் யாருக்கும் கிடையாது. எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.